பேன் சீப்பு

பள்ளிக்கூடத்திலிருந்து பெயர் குறிப்பிடாமல்
வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி:
மூன்றாம் வகுப்பு சி பிரிவில் சில குழந்தைகளுக்கு…
வினோதினி அதை எனக்குத் தள்ளிவிட்டு
ஞாயிறு ஷிப்டுக்குப் போய்விட்டாள்.
லேபில் ஆள் குறைவாம்.
பதினோரு மணிக்கு அவர் வந்துடுவார்,
அதுக்குள்ள முடிச்சிடுங்க.

அவர் என்றால் மிதுனாவின் அப்பா.
நான் யாரென்பதற்கு
இந்த வீட்டில் இன்னும் சொல் வரவில்லை.
தை மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டோம்.
இப்போது ஆவணி.
"இங்க பாருங்க" என்றுதான் கூப்பிடுகிறாள்.
நானும் பார்க்கிறேன்.

கொரட்டூர், மூன்றாவது மாடி பால்கனி.
பிளாஸ்டிக் முக்காலியில் அவள்,
பின்னால் நாற்காலியில் நான்,
மடியில் விரித்த பழைய வேட்டி.
முதல் இழுப்பிலேயே "ஆ" என்றாள்.
சாரி என்றேன்.
"அம்மா முதல்ல எண்ணெய் வைப்பாங்க."
எண்ணெய் வைத்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு
பேரிங் உருண்டைகளில் கீறல் தேடும் வேலை.
பதினாறு வருடமாக
விளக்கடியில் உருட்டி, லென்ஸில் பார்த்து,
தேறாததைச் சிவப்புத் தட்டில் போடுகிறேன்.
போன வருடம் கம்பெனியில் தியான வகுப்பு வைத்தார்கள்.
மூச்சை மட்டும் கவனியுங்கள் என்றார் வந்த பெண்.
நான் கவனித்தது
இ.எம்.ஐ. தேதியை,
மெட்ரோ வாட்டர் லாரி வருமா என்பதை,
பக்கத்து நாற்காலிக்காரரின் ஓட்டைக் காலுறையை.
மூச்சு என்னைக் கேட்காமலே போய்வந்தது.

இங்கே
காதுக்குப் பின்னால், பிடரிக்குச் சற்று மேலே,
உடைந்த ரவை போல
முடியோடு ஒட்டிக்கொண்டு ஓர் ஈர்.
இரண்டு நகத்துக்கு நடுவே பிடித்து
நுனிவரை இழுத்தால் வழுக்கி வந்தது.
அடுத்தது.
அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.
வகிடெடுத்து வகிடெடுத்து
தலை சின்னச் சின்னத் தெருக்களாகப் பிரிந்தது.
ஒரு தெருமுனையில் வெள்ளையாய்த் தழும்பு.
"இது எப்போ?"
"ரெண்டு வயசுல. சைக்கிள்ல இருந்து. அப்பா ஓட்டும்போது."
சீப்பு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது.
அரக்கோணம் வண்டி எத்தனை போயிற்றோ,
பால்கனி அதிர்ந்திருக்க வேண்டும்.

"எத்தனை?"
"இருபத்து மூணு."
"ஈரையும் சேர்த்தா?"
தெரியவில்லை. எண்ணிக்கை எங்கோ தப்பிவிட்டது.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, முன்னால் இருந்த கம்பியிடம் சொல்வது போல:
"அப்பாகிட்ட சொல்லாதீங்க.
அவங்க வீட்ல புது பாப்பா இருக்கு.
தெரிஞ்சா தூக்க விடமாட்டாங்க."

சொல்ல வேண்டுமா, கூடாதா,
வினோதினியைக் கேட்கலாமா என்றெல்லாம்
யோசிக்க வேண்டியவன்தான்.
நெற்றியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.
உச்சி, பொட்டு, காதோரம், பிடரி.
வேட்டியில் எதுவும் விழவில்லை.
இன்னொரு தடவை.
இப்போதும் விழவில்லை.
அதற்கும் மேலே ஒரு தடவை,
தேவையே இல்லாமல்.

கீழே ஹாரன் கேட்டபோது
இரண்டாவது சடை பாதியில் இருந்தது.
ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியுமாக ஓடினாள்.
அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.
சரிதானா என்று இன்னும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை, லென்ஸுக்குக் கீழே உருண்டை,
வலது காதுக்குப் பின்னால் எனக்கு
அரித்தது.
பேன் பறக்காது, குதிக்காது.
தலையோடு தலை பட்டால்தான்
நடந்து வரும்.
எப்போது?
போன வாரம் கரண்ட் போன ராத்திரி.
தோளில் தூங்கிப்போனாள்.
ஃபேன் மறுபடி சுற்றும்வரை
நான் கழுத்தைத் திருப்பவில்லை.

உருண்டையில் கீறல் இருந்ததா, நினைவில்லை.
சொறியாமல்
சற்று நேரம் இருந்தேன்.